பவளம் இரை எடுக்கவில்லை

கொல்லை வண்டிக் கொட்டகையில், முயல் பெட்டிக்கு அடியில் விரித்திருந்த சாக்கை இழுத்து உதறினாள் சொர்ணவல்லி. ஒன்றும் விழவில்லை.

திருப்பிப் பிடித்து இன்னொரு முறை உதறினாள். நாலு துரும்பு விழுந்தது. தினமும் விடிந்ததும் ஒரு முறம் புழுக்கை அள்ளிக் கத்தரிச் செடிக்குப் போடுவது அவள் வழக்கம். பெட்டியின் நடுவே தட்டி வைத்து இரண்டு முயலுக்கும் இரண்டு அறை. முல்லையின் அறைக்கு அடியில் வழக்கம்போலக் கிடந்தது. பவளத்தின் அறைக்கு அடியில் ஒன்றுகூட இல்லை.

குனிந்து உள்ளே பார்த்தாள். பவளம் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சிவந்த கண்கள் பாதி மூடியிருந்தன. நேற்று மாலை வைத்த முள்முருங்கை இலை அப்படியே வாடிக் கிடந்தது. காதைக் கிட்டே கொண்டுபோனாள். நறநறவென்று பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது.

எழுந்து அடுப்படிக்கு ஓடினாள்.

ஜப்பான்காரனிடம் சிங்கப்பூர் விழுந்து எட்டு மாதம் ஆகியும் ஆத்மநாதனிடமிருந்து ஒரு வரி வரவில்லை என்பது இதுவரை கதையோடு கூட வந்தவர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் அரிமளத்துக்குள் காலடி வைக்கிறவர்களுக்கு ஒன்றிரண்டு சொன்னால் போதும். ஆத்மநாதன் சொர்ணவல்லியின் கணவன். சிங்கப்பூரில் ஜவுளிக் கடையில் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன் கடைசியாக லீவில் வந்தபோது திருச்சி பொன்மலையில் ஒரு ஆங்கிலோ இந்தியத் துரையிடம் இரண்டு வெள்ளை முயல் வாங்கி வந்து அவள் மடியில் வைத்தான். "நான் திரும்பி வாரதுக்குள்ள வீடு பூரா முயலா ஓடும் பாரு" என்றான். துரை ஜோடி என்று சொல்லித்தான் விற்றிருந்தார். ஆறு மாதம் கழித்துத் தெரிந்தது, இரண்டும் பெட்டை. அதை அவள் எழுதிப் போட, அங்கிருந்து சிரிப்பும் கேலியுமாக ஒரு பதில் வந்தது. அதற்கப்புறம் ஒரே ஒரு கடிதம். பிறகு யுத்தம் அங்கே போய்விட்டது.

இப்போது வீட்டில் மூன்று பேர். அவள், ஆத்மநாதனின் அண்ணன் சிவசாமி, அண்ணன் மனைவி முத்துமாரியம்மாள்.

"அக்கா, பவளம் நேத்துலேர்ந்து ஒண்ணும் திங்கல. புழுக்கையும் போடல."

அடுப்படியில் இருந்த முத்துமாரியம்மாள் திரும்பவில்லை. கேப்பை மாவைத் துழாவிக்கொண்டே சொன்னாள்.

"எப்படித் திங்கும்? அதான் பொரி பூராவும் தின்னாச்சே!"

"என்னக்கா சொல்றீங்க?"

முத்துமாரியம்மாள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து பொரி டின்னை எடுத்து வந்து, அவள் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

"சரஸ்வதி பூசைக்கு வாங்குனது. கழுத்து வரைக்கும் இருந்துச்சு. இப்ப அடியில கெடக்கு. நான் எடுக்கல. அவுக பொரி திங்கிற ஆளு இல்ல. அரிசி கெடைக்காம ஊரே கேப்பக் கஞ்சி குடிக்குது. இங்க மொயலுக்குப் பொரி கேக்குதாக்கும்?"

"சத்தியமா நான் தொடலக்கா. அதுக்குப் பொரி ஆகாதுன்னு எனக்குத் தெரியுமே!"

"அப்பப் பொரிக்குக் காலு மொளச்சு நடந்து போச்சு போல."

சொர்ணவல்லி வாயைத் திறப்பதற்குள் சிவசாமி உள்ளே வந்தார். தலையில் போட்டிருந்த துண்டு மழையில் சொட்டியது.

"எங்க போனீக இந்த மழையில?" என்றாள் முத்துமாரியம்மாள்.

"கம்மாய் மடையப் பார்த்துட்டு வாரேன்."

கண்மாய் ஊருக்கு மேற்கே. அவர் வந்தது கிழக்கே, பஸ் ரோட்டுப் பக்கத்திலிருந்து. ஒரு வாரமாகவே அவர் இப்படித்தான். உட்கார்ந்தால் எழுந்திருக்கிறார், எழுந்தால் வாசலுக்குப் போகிறார், வாசலுக்குப் போனால் ரோட்டுக்குப் போய்விடுகிறார். சாப்பாட்டில் பாதி இலையில் கிடக்கிறது. முத்துமாரியம்மாள் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாள். இரண்டு தடவையும் எரிந்து விழுந்தார்.

"இவ மொயலு இரை எடுக்கலையாம்" என்றாள் முத்துமாரியம்மாள், காபியை நீட்டிக்கொண்டே.

காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோன கை நின்றது.

"எது? பவளமா?"

கேட்டுவிட்டு அவரே திடுக்கிட்டவர் போல டம்ளரைக் கீழே வைத்தார். "வெளக்கெண்ணெய ஊத்துங்க, சரியாப் போகும்" என்று சொல்லிவிட்டு, காபியைக் குடிக்காமலே மறுபடி மழையில் இறங்கிவிட்டார்.

முத்துமாரியம்மாள் நிஜமாகவே விளக்கெண்ணெய்ப் புட்டியை எடுத்துவிட்டாள். இரண்டு பெண்களை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவள். வயிற்று வலி என்றால் அவளுக்குத் தெரிந்தது அதுதான்.

"பொறுங்கக்கா. மந்தையில வெக்கை நோய்க்கு ஊசி போட மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் வந்திருக்காராம். ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன்."

"மாட்டுக்கு ஊசி போடுறவருகிட்ட மொயலத் தூக்கிட்டுப் போறியா? ஊரு சிரிக்கும்டி!"

"சிரிச்சுட்டுப் போகட்டும்."

ஓலைக்கூடையில் பழைய சேலையை மடித்துப் போட்டுப் பவளத்தை அதில் வைத்தாள். எப்போதும் தூக்கினால் காலை உதறும். இன்றைக்குத் துணிமூட்டை மாதிரி வந்தது.

மந்தையில் பத்திருபது மாடுகள் நனைந்துகொண்டு நின்றன. கூடையைப் பார்த்ததும் இருளாண்டி என்பவர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடியே, "என்ன தங்கச்சி, கொழம்புக்கா?" என்று கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள்.

கம்பவுண்டர் இன்னாசி சிரிக்கவில்லை. ஊசியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டுக் கூடைக்கு எதிரில் குத்துக்காலிட்டார்.

"நான் ஆவூர்க்காரன். அங்க மாதா கோயில் சாமியார் பங்களாவுல முப்பது மொயலு இருந்துச்சு. எங்கப்பாதான் பார்த்துக்கிட்டாரு" என்று சொல்லிக்கொண்டே பவளத்தின் வயிற்றை விரலால் அழுத்தினார். பிறகு காதை வைத்துக் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார்.

"வயிறு கல்லு மாதிரி இருக்கு. உள்ள ஒரு சத்தமும் இல்ல. எப்பலேர்ந்து திங்கல?"

"நேத்துச் சாயங்காலத்துலேர்ந்துங்க. வெளக்கெண்ணெய் ஊத்தலாமான்னு..."

"ஊத்தாதீங்க. வலிதான் கூடும். இந்த ஜாதிக்கு வாந்தி வராதும்மா. உள்ள போனது கீழ் வழியாத்தான் வெளிய வரணும். இப்ப நடுவுல நின்னு போச்சு. நின்ன எடத்துல காத்து கட்டிக்கிச்சு." அவர் ஒரு விநாடி யோசித்தார். "ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. விடியக்காலையில மெத்துன்னு கொத்துக் கொத்தா ஒண்ணு போட்டு, அதத் தானே திரும்பத் திங்குமே, பார்த்திருக்கீங்களா?"

சொர்ணவல்லிக்குக் கூச்சமாக இருந்தது. முதல் வருஷம் அதைப் பார்த்துவிட்டு அருவருத்துப் போனவள் அவள். பிறகு, இரண்டும் நன்றாக இருக்கிற நாளெல்லாம் அப்படித்தான் செய்கின்றன என்று கண்டுகொண்டு விட்டுவிட்டாள்.

"பார்த்திருக்கேங்க. ஆனா இப்ப எட்டு நாளாப் பவளம் அதத் தொடல. சாக்குல ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. புழுக்கையும் நாளுக்கு நாள் சிறுத்துப் போச்சு. மழை ஈரத்தாலன்னு நெனச்சேன்."

"மழை இல்ல. வயித்துல மாவு ஏறுனா அப்படித்தான். பொரி, அரிசி, வெல்லம்... இதுக்கு அதெல்லாம் ஆகாது. நீங்க குடுக்கலேன்னா, யாரோ ஆசைப்பட்டுக் குடுத்திருக்காங்க. எட்டு நாளா."

யாரோ.

"மருந்து ஏதாவது குடுங்களேன்."

"எங்கிட்ட இருக்கிறதெல்லாம் மாட்டுக்கும்மா. ஒங்க கைதான் மருந்து. வயித்த முன்னாலேர்ந்து பின்னால மெதுவா நீவி விடுங்க. சும்மா கெடக்க விடாதீங்க, நடக்கட்டும். வெதுவெதுன்னு ஒத்தடம். தண்ணிய வாய் ஓரமாச் சொட்டுச் சொட்டா விடுங்க. நேரா ஊத்துனா மூச்சுல போயிரும். காஞ்ச புல்லு நீள நீளமா முன்னால போட்டு வைங்க. அதக் கடிச்சிட்டாப் பொழச்சிக்கும். பொழுது சாயறதுக்குள்ள ஒரு புழுக்கையாவது விழணும்."

"விழலேன்னா?"

இன்னாசி எழுந்து அடுத்த மாட்டின் திமிலைத் தட்டினார்.

"விழணும்மா."

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த 'யாரோ' அவளை விடவில்லை. வீட்டில் மூன்று பேர். சிவசாமி மாமா சிங்கப்பூர் விழுந்த நாளிலிருந்து முயல் பெட்டிப் பக்கமே போவதில்லை. தம்பி வாங்கி வந்ததைப் பார்க்க அவருக்கு மனசு ஆகவில்லை என்று அவளே நினைத்திருந்தாள். அப்படியானால் மிச்சம் ஒருத்தர்தான். கொடுப்பதையும் கொடுத்துவிட்டு, காலையில் தன்மேலேயே பழியைத் தூக்கிப் போட்டாளா அக்கா? எதற்காக? முயல் செத்தால் வீட்டில் தொல்லை ஒழியும் என்றா?

கொட்டகையில் கூடையை இறக்கியதும் கேட்டே விட்டாள்.

"அக்கா, எட்டு நாளா யாரோ பொரி குடுத்திருக்காங்களாம். நீங்க குடுத்தீங்களா?"

முத்துமாரியம்மாளின் முகம் சிவந்தது.

"நானா? அந்தச் செவப்புக் கண்ணப் பார்த்தாலே எனக்கு ஆகாது. கொல்லணும்னா ஒரே நாள்ல கழுத்தத் திருகிருப்பேன். எட்டு நாளு பொரி போட்டுக் கொல்லுவேனா? என்னப் பத்தி நீ நெனச்சிருக்கிறது இவ்வளவுதானா?"

சொர்ணவல்லி பவளத்தைத் தரையில் விட்டு, நீவ ஆரம்பித்தாள்.

முத்துமாரியம்மாள் ஏணியைச் சாத்திப் பரணில் ஏறினாள். மேலே எதையோ இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. கோடையில் காளைகளுக்கென்று அறுத்துக் காயவைத்த கொழுக்கட்டைப்புல், கட்டுக் கட்டாக, மழை படாமல், புகை வாசனையோடு இறங்கியது.

"காஞ்சதுன்னா இதான் இருக்கு. போதுமா?"

"போதும்க்கா."

முத்துமாரியம்மாள் போய்த் தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்துகொண்டு வந்தாள். தன் பெண்களுக்குப் பால் புகட்டிய பாலாடையும் வந்தது. ஒருத்தி பிடிக்க, ஒருத்தி சொட்டினாள். பாதி வெளியே வழிந்தது. பாதி உள்ளே போனது. நீவினார்கள். பின்னால் மெதுவாகத் தள்ளி நாலடி நடத்தினார்கள். அது நாலடி போய்ப் படுத்துக்கொண்டது. திரும்ப நீவினார்கள்.

உச்சிப்பொழுது ஆயிற்று. புல்லை மோந்துகூடப் பார்க்கவில்லை.

"நீ இதுகூடப் பேசுற மாதிரி எங்கூடப் பேசுனதில்ல, சொர்ணம்" என்றாள் முத்துமாரியம்மாள், ஒத்தட மூட்டையை மாற்றி வைத்துக்கொண்டே. குரலில் சண்டை இல்லை. "எட்டு மாசமாப் பார்க்கறேன். காலையில எந்திரிச்சா இங்க வந்து குசுகுசுன்னு என்னமோ சொல்ற. அடுப்படிக்கு வந்தா வாயத் தெறக்க மாட்டேங்குற. அவன் எனக்குக் கொழுந்தன்தானே? பன்னெண்டு வயசுலேர்ந்து சோறு போட்டவ நான். எனக்கு அழுக வராதா?"

சொர்ணவல்லியின் கை நின்றது. இத்தனை நாள் இது தனக்குத் தோன்றவே இல்லையே என்று இருந்தது அவளுக்கு.

"காலையில அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுக்கா."

"நானும்தான் கேட்டேன். விடு. அடுப்புல ஒலை கொதிக்குது, பார்த்துட்டு வாரேன்."

அவள் போன பிறகு சொர்ணவல்லி வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். புல்கட்டுகள் அவளை மறைத்தன. மழை விட்டிருந்தது. எத்தனை நேரம் அப்படி இருந்தாளோ, கொல்லைப் படல் திறக்கும் சத்தம் கேட்டது.

சிவசாமி வந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பெட்டிக்கு முன்னால் குனிந்து, "பவளம்... ஏ பவளம்" என்று மெல்லக் கூப்பிட்டார்.

காலையிலிருந்து தலையைத் தூக்காத பவளம் காதை நிமிர்த்தியது. பெட்டியில் இல்லாமல் தனக்குப் பின்னால், தரையிலிருந்து அது தட்டுத்தடுமாறி வருவதைச் சிவசாமி பார்த்தார். நாலடி, ஐந்தடி. அவருடைய காலடிக்கு வந்து முகத்தை நீட்டியது.

"இங்கயா கெடக்க? என்னடா ஒனக்கு? இந்தா, ரெண்டு தின்னு பாரு." துண்டின் முடிச்சை அவிழ்த்தார். பொரியும் ஒரு வெல்லக்கட்டியும் இருந்தன.

"குடுக்காதீங்க மாமா!"

கையிலிருந்த பொரி சிதறியது.

இந்த வீட்டுக்கு வாழ வந்து ஏழு வருஷத்தில் சிவசாமிக்கு நேர் எதிரில் நின்று அவள் பேசியதில்லை. கதவுக்குப் பின்னாலிருந்தோ அக்காவை முன்னால் விட்டோதான் பேச்சு. இன்று நேராக வந்து நின்றாள். பவளத்தைத் தூக்கிக்கொண்டாள்.

"எட்டு நாளா நீங்கதானா?"

"காலையில ஒரு கை, சாயங்காலம் ஒரு கை..." அவர் குனிந்து சிதறிய பொரியைப் பொறுக்கினார். "முல்லை கிட்ட வராது. இதுதான் ஓடி வரும். ஆசையாத் தின்னுச்சு ஆத்தா. கெடுதல்னு சத்தியமாத் தெரியாது."

"தெரியாமக் குடுத்தது சரி மாமா. எட்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவுக, எட்டு நாளா ஏன் குடுத்தீங்க? எட்டு நாளைக்கு முந்தி என்ன நடந்துச்சு?"

சிவசாமி வண்டியின் நுகத்தடிமேல் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடியும் உட்கார்ந்தார். பிறகு மடியிலிருந்து, நாலாக மடித்து வேர்வையில் நைந்துபோன ஒரு கார்டை எடுத்து நீட்டினார்.

சத்தம் கேட்டு முத்துமாரியம்மாளும் ஓடி வந்து நின்றாள்.

சொர்ணவல்லி சத்தமாகப் படித்தாள்.

'அரிமளம் சிவசாமி அவர்களுக்கு அறந்தாங்கியிலிருந்து தங்கமுத்து எழுதிக்கொண்டது. நானும் உங்கள் தம்பியும் ஒரே கடையில் இருந்தோம். தை மாதக் கடைசியில் சிங்கப்பூரை விட்டுப் புறப்பட்ட கப்பலில் இருவருக்கும் இடம் கிடைத்தது. ஏறுகிற சமயம் அவர் தம்முடைய இடத்தை ஒரு பெண்ணுக்கும் அவள் குழந்தைக்கும் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார். என் வீட்டில் சேர்த்துவிடு என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண் உங்கள் வீட்டுக்கு வர மாட்டேன் என்றதால் இந்நாள்வரை என் அக்காள் வீட்டில் வைத்திருந்தேன். இப்போது என் உடம்பு சரியில்லை. வந்து அழைத்துப் போகவும். பதில் பார்த்திருக்கிறேன்.'

"தை மாசக் கடைசியில உயிரோட இருந்திருக்காக" என்றாள் சொர்ணவல்லி. முதலில் அவளுக்குப் பட்டது அது ஒன்றுதான். அக்காவுக்கு நேராகக் கார்டைத் தூக்கிக் காட்டினாள். "அக்கா, உயிரோட இருந்திருக்காக! கப்பல் வரைக்கும் வந்திருக்காக!"

முத்துமாரியம்மாளுக்குப் பட்டது வேறு. "யாரவ?" என்றாள் கணவனைப் பார்த்து. "யாருங்க அவ? எட்டு நாளா மடியில வச்சுக்கிட்டா திரிஞ்சீங்க?"

"எப்படிச் சொல்லச் சொல்ற? இந்தப் புள்ள மொகத்தப் பார்த்து எப்படிச் சொல்ல? சொல்லணும்னு தினம் இங்க வருவேன். இது வந்து நிக்கும். அவன் வாங்கிட்டு வந்த ஜீவன். அதுக்கு ரெண்டு பொரியப் போட்டுட்டு வாயத் தெறக்காமப் போயிருவேன்."

"பதில் கேட்டிருக்காரே மாமா."

சிவசாமி தரையைப் பார்த்தார்.

"எழுதிட்டேன். அன்னைக்கே."

"என்னன்னு?"

"அப்படி யாரையும் எங்களுக்குத் தெரியாதுன்னு."

கொட்டகைக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எழுதிப் போட்ட நாளையிலேர்ந்து ரோட்டுலதான் நிக்கறேன்" என்றார் அவர். "ஒவ்வொரு பஸ்ஸா பார்க்கறேன். எறங்கிருவாங்களோன்னும் பயமா இருக்கு. எறங்காமலே போயிருவாங்களோன்னும் பயமா இருக்கு. எனக்கு ஒண்ணும் புரியல ஆத்தா."

சொர்ணவல்லி கார்டைத் திருப்பினாள். விலாசத்துக்குப் பக்கத்தில், இடம் போதாமல், சாய்வாக ஒரு வரி நெருக்கி எழுதியிருந்தது.

'குழந்தைக்கு வயது மூன்று. பெயர் பிரகதாம்பாள்.'

அவள் அதையும் சத்தமாகப் படித்தாள். முத்துமாரியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிரகதாம்பாள் அவர்கள் இருவருக்கும் மாமியார். சிவசாமியையும் ஆத்மநாதனையும் பெற்ற தாய். இந்த வீட்டு ஆண்பிள்ளைகள் தங்களுக்குப் பிறக்கும் முதல் பெண்ணுக்கு வைக்க வேண்டிய பெயர்.

மூன்று வயது. அப்படியானால் ஆத்மநாதன் இந்த முயல்களை அவள் மடியில் வைத்தபோது அந்தக் குழந்தைக்கு ஒரு வயது இருந்திருக்கும்.

சொர்ணவல்லி உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. எங்கோ பார்த்துக்கொண்டு மடியிலிருந்த பவளத்தின் வயிற்றை முன்னாலிருந்து பின்னால், முன்னாலிருந்து பின்னால் நீவிக்கொண்டே இருந்தாள். என்ன செய்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்ததா என்பதே சந்தேகம். வயிற்றுக்குள் குடுகுடுவென்று ஏதோ உருளுவதை விரல்தான் முதலில் கண்டது.

"சொர்ணம்..." முத்துமாரியம்மாள் குனிந்தாள். "சொர்ணம், இங்க பாரு."

சேலை மடிப்பில் மிளகளவுக்கு ஒரு புழுக்கை கிடந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று, மயிரில் கோத்தது போல் மூன்றாவது.

சொர்ணவல்லி அவற்றை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து தேங்கியதா, தை மாதத்திலிருந்து தேங்கியதா, குலுங்கிக் குலுங்கி அழுதாள். முத்துமாரியம்மாள் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

பவளம் இறங்கிப்போய் ஒரு புல்லை மோந்தது. ஓரத்தைக் கடித்தது. விட்டுவிட்டது. மறுபடி கடித்தது.

சொர்ணவல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சாயங்கால பஸ்ஸு போயிருச்சா மாமா?"

"எங்கிட்டு?"

"அறந்தாங்கிக்கு."

"தனியாவா?" என்றாள் முத்துமாரியம்மாள்.

"எங்க ஊருக்குப் போற ரோடுதானேக்கா? எத்தனை தடவ போயிருக்கேன்." புல்லைப் பவளத்தின் முன்னால் தள்ளி வைத்தாள். "பவளத்த நீங்க பார்த்துக்கங்க. காஞ்ச புல்லும் தண்ணியும் மட்டும்தான். கொஞ்சம் தெம்பு வந்ததும் பொரி கேட்டு மொகத்த மொகத்தப் பார்க்கும். எரக்கப்பட்டுக் குடுத்துறாதீங்க. ராத்திரிக்குள்ள நல்ல புழுக்கையா வரணும்."

"அந்தக் கழுதைக்கு நானே காவல் இருக்கேன். நீ அங்க போயி என்ன செய்யப் போற?"

"தெரியலக்கா. ஆனா நம்ம வீட்லேர்ந்து அப்படி ஒரு கார்டு போயிருக்குல்ல? அதப் படிச்சிருப்பாங்கல்ல?"

ரோட்டு முனையில் அறந்தாங்கி பஸ் நின்றது. பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்ததிலிருந்து கரியில் ஓடுகிற வண்டி. பின்னால் ஓர் ஆள் விசிறியைச் சுற்றிச் சுற்றி நெருப்பை ஊதிக்கொண்டிருந்தான். சொர்ணவல்லி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கீழே சிவசாமி துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார். ஏறுவதா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை.

"சொர்ணம், அந்தப் பொம்பள யாரு, என்னன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்குறியே?"

"கேக்கத்தான் மாமா போறேன். ஒங்ககிட்ட இல்ல."

வண்டி உறுமிக் குலுங்கியது. கண்டக்டர் முனியசாமி சீட்டுக் கட்டோடு வந்தார்.

"அறந்தாங்கியில யாரு வீட்டுக்கும்மா? எறங்கறப்ப இருட்டிருமே."

"சிங்கப்பூர்லேர்ந்து வந்த தங்கமுத்துன்னு ஒருத்தர். அவரு அக்கா வீடு."

சீட்டைக் கிழிக்கப் போன கை நின்றது.

"அந்த வீடா? நான் தினம் அந்தத் தெரு வழியாத்தான் வாரேன். முந்தா நாளுலேர்ந்து பூட்டிக் கெடக்கேம்மா. ஒரு பொம்பளயும் கொழந்தையும் மூட்டையோட வாசல்ல நின்னாங்க. அப்புறம் அவங்களையும் காணோம்."

ஜன்னலுக்குக் கீழே நின்ற சிவசாமியின் காதிலும் அது விழுந்தது. அவர் கைப்பிடிக் கம்பியைப் பற்றினார்.

"எறங்கிருங்கம்மா" என்றார் முனியசாமி. "பூட்டுன வீட்டுக்குப் போயி என்ன செய்யப் போறீங்க?"

"பக்கத்து வீடு பூட்டிருக்காதுல்ல?" என்றாள் சொர்ணவல்லி. "ரெண்டு டிக்கெட்டாக் கிழிங்க. அவுகளும் வாராக."